இரேனியஸ்

சார்லஸ் தியோப்பிலஸ் எவால்ட் இரேனியஸ் (நவம்பர் 5, 1790 - ஜூன் 5, 1838) செருமனியில் பிறந்து தமிழ்நாட்டில் பணியாற்றிய லுத்தரன் போதகரும் தமிழறிஞரும் ஆவார். சர்ச் மிஷனரி சங்கம் (சி.எம்.எஸ்.) இந்தியாவுக்கு அனுப்பிய முதல் இரு ஊழியர்களுள் இவர் ஒருவர். 1820 முதல் பாளையங்கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு இவர் உருவாக்கிய கிராமச் சபைகள் திருநெல்வேலித் திருச்சபைக்கு அடித்தளமாக அமைந்தன. இதனால் இவர் திருநெல்வேலியின் அப்போஸ்தலர் என்று அழைக்கப்படுகின்றார். தமிழில் புவியியல் நூல், தமிழ் இலக்கணம், புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ஆகியவற்றை எழுதியவர் என்ற வகையில் தமிழ் உரைநடை வரலாற்றிலும் இவருக்கு இடமுண்டு.

சபைகளை நடத்தும் தமிழ் உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பது குறித்து இவருக்கும் இவரை அனுப்பிய சங்கத்துக்கும் இடையே நீண்ட கடிதப் போக்குவரத்து நடந்தது. அது 1835 ஆம் ஆண்டில் இவரது பணிநீக்கத்திலும், திருநெல்வேலிச் சபையின் பிளவிலும் முடிந்தது.

இளமையும் கல்வியும்

இரேனியஸ் மேற்குப் பிரசியாவின் கிரவுடென்சு என்ற கோட்டை நகரில் பிறந்தார். இந்நகரம் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் பிரசியப் படையில் அதிகாரியாக இருந்தவர். அவர் இளமையிலேயே இறந்துவிட்டதால் இரேனியஸ் உறவினர்களின் ஆதரவில் வளர்ந்தார். மேமல் நகரில் சிற்றப்பா ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தபோது, அயல்நாடுகளில் சமயப்பணி செய்தோரின் அறிக்கைகளைப் படித்து அப்பணியில் நாட்டம் கொண்டார்.

பின்னர் பெர்லின் நகரில் போதகர் யோகன்னசு ஜேனிக்கே நடத்திவந்த மிஷனரிப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். இந்த ஜேனிக்கேயின் உடன்பிறந்தவரான யோசேப்பு தானியேல் ஜேனிக்கே 1791 முதல் பாளையங்கோட்டைப் பகுதியில் பணியாற்றி 1800 இல் இறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. எனவே திருநெல்வேலி என்ற பெயர் அப்பள்ளிக்குப் புதியதன்று.

1812 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெர்லினில் லுத்தரன் முறைப்படி இரேனியசுக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. லுத்தரன் சபையின் இம்முறையில் மூத்த குருமார் கைகளை வைத்து ஆசி கூறிப் பட்டம் வழங்குவர். அதற்குப் பேராயர் ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிற்காலத்தில் எழுந்த சிக்கலுக்கு இதுவே வேர் எனலாம்.

இந்திய வருகை

சர்ச் மிஷனரி சங்கம் 1799 ஆம் ஆண்டு இலண்டனில் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தோரால் தொடங்கப்பட்டது. கடல் கடந்து செல்ல ஆங்கிலக் குருமார் அப்போது போதிய அளவில் முன்வரவில்லை. ஆகையால் சங்கம் செருமானிய லுத்தரன் ஊழியர்களைத் தேடிப் பெற்றது. இது புதிய வழக்கமும் அன்று. தரங்கம்பாடி, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களில் ஆங்கிலேயச் சங்கமான எஸ்.பி.சி.கே.யின் பொருளுதவியுடன் லுத்தரன் போதகர்கள் பல பத்தாண்டுகள் பணியாற்றி வந்தனர்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிக்குள் மிஷனரிகள் நுழைவதற்கு 1813 ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் வழிதிறந்தது. அதே சட்டத்தின்படி இந்தியாவுக்கென ஓர் ஆங்கிலிக்கன் பேராயர் பதவியும் கொல்கத்தாவில் ஏற்படுத்தப்பட்டது. இரேனியசும் அவருடைய தோழர் சுனாரே என்பவரும் 1814 பெப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி ஜூலை மாதம் சென்னையை அடைந்தனர். பயணம் ஐந்து மாதங்கள் நீடித்தது. அக்காலத்தில் கடிதங்களும் இதே கடல்வழியில், இதே வேகத்தில்தான் சென்று வந்தன. ஒரு கேள்விக்கு இலண்டனிலிருந்து மறுமொழி கிடைக்க ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும்.

இருவரும் முதலில் தரங்கம்பாடிக்குச் சென்று தமிழ் கற்கத் தொடங்கினர். 1815 ஆம் ஆண்டு தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பிய இரேனியஸ் கறுப்பர் நகரம் என்று அப்போது அழைக்கப்பட்ட பகுதியில் (இன்றைய ஜார்ஜ் டவுன்) தங்கிப் பள்ளிகளை நிறுவினார். சபை ஒன்றையும் உருவாக்கினார். துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டு வழங்குவதற்காக 1818 இல் தொடங்கப்பட்ட சென்னைச் சமயப் பிரசுரச் சங்கத்தில் இவருக்கு முக்கிய பங்கு உண்டு. டச்சு மரபினரான ஆனி வான் சோமரன் என்பவரை மணந்தார்.

பாளையங்கோட்டை

திருநெல்வேலிச் சீமையில் இரேனியசின் வருகைக்கு முன்பே கிறித்தவச் சபைகள் இருந்தன. குளோரிந்தா என்ற பெண்மணி பாளையங்கோட்டையில் 1785 இல் ஒரு சிற்றாலயம் கட்டினார். 1790 ஆம் ஆண்டு தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் ஐயர் இங்கு வந்து பணியாற்றினார். துன்புறுத்தலுக்கு ஆளான கிறித்தவர்களுக்காக முதலூர் என்ற ஊர் 1799 இல் உருவாயிற்று. எனினும் ஜேனிக்கேயின் மறைவுக்குப் பின் போதிய மேற்பார்வை இன்றிச் சபைகள் தளர்ந்தன.

1816 இல் பாளையங்கோட்டைப் படைமுகாமின் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் இந்நிலையைக் கண்டு பள்ளிகளைத் தொடங்கியதுடன், நிரந்தர ஊழியர்களை அனுப்புமாறு சர்ச் மிஷனரி சங்கத்துக்கு எழுதினார். அதன் பயனாக இரேனியஸ் 1820 ஜூலையில் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். சில மாதங்களில் பெர்ன்கார்டு சுமித் என்ற செருமானியரும் அவருடன் இணைந்தார்.

சபை நிர்வாகம்

இரேனியஸ் பணி செய்த பகுதி மிகப் பரந்தது. தாமிரபரணிக் கரை வேளாண் ஊர்களும், தெற்கே செம்மண் தேரிக்காட்டுப் பனையேறிகளின் குடியிருப்புகளும், மேற்கே மலையடிவாரச் சிற்றூர்களும் அதில் அடங்கும். 1820களின் நடுவிலிருந்து ஊர் ஊராக மக்கள் குடும்பங்களாகச் சபையில் சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நாடார் சமூகத்தினர். 1835 அளவில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இவருடைய மேற்பார்வையில் இருந்தனர். ஐரோப்பிய ஊழியர்களோ ஒரு கையின் விரல்களில் அடங்குவர்.

இச்சபைகளை நடத்துவதற்கு இரேனியஸ் கையாண்ட முறைகள் பின்வருமாறு:

உபதேசியார்கள்: ஒவ்வோர் ஊருக்கும் அல்லது சில ஊர்களுக்குச் சேர்த்து ஒரு தமிழ் உபதேசியார் நியமிக்கப்பட்டார். அவர் நாள்தோறும் செபம் நடத்தி, பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லி, நோயாளிகளைச் சந்தித்து, ஊர் வழக்குகளைத் தீர்த்துவைத்தார். உபதேசியார்கள் குறிப்பிட்ட நாள்களில் பாளையங்கோட்டையில் கூடித் தம் ஊரின் நிலையை அறிக்கையாகச் சொல்வர். இரேனியஸ் அவர்களுக்கு வேதபாடம் நடத்துவார்.

பயிற்சிப் பள்ளி: உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்குவதற்காகப் பாளையங்கோட்டையில் உறைவிடப் பள்ளி ஒன்று நடத்தப்பட்டது. பெண்களுக்கும் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அக்காலத்தில் பெண்கல்வி பொதுவழக்கில் இல்லை என்பதை நோக்க இது முக்கியமான முயற்சியாகும்.

தர்ம சங்கம்: கிறித்தவரான குடியானவர்கள் நிலவுடைமையாளரால் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்படுவது அடிக்கடி நிகழ்ந்தது. அத்தகையோர் குடியேறுவதற்கு நிலமும் வீட்டுமனையும் வாங்கும் பொருட்டு 1830 இல் தர்ம சங்கம் நிறுவப்பட்டது. இதற்குத் தமிழ்க் கிறித்தவர்களும் நன்கொடை அளித்தனர்.

புதிய ஊர்கள்: செருமானியப் பிரபுவான தோனா அளித்த நன்கொடையைக் கொண்டு 1827 இல் டோனாவூர் உருவாக்கப்பட்டது. பிற்காலத்தில் ஏமி கார்மைக்கேல் தம் குழந்தைகள் இல்லத்தை நடத்திய ஊர் இதுவே.

ஆலயங்கள்: பாளையங்கோட்டையில் தூய திரித்துவ ஆலயம் 1826 இல் கட்டி அர்ப்பணிக்கப்பட்டது. பின்னாளில் அமைந்த உயர்ந்த கோபுரத்தின் காரணமாக மக்கள் இதனை ஊசிக்கோபுரம் என்று வழங்குகின்றனர். சிற்றூர்களில் பனையோலை வேய்ந்த செபவீடுகளே ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் பயன்பட்டன.

சாதி பற்றிய நிலைப்பாடு

சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்பதில் இரேனியஸ் உறுதியாக இருந்தார். உறைவிடப் பள்ளியில் மாணவர் யாவரும் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்று அவர் விதித்தபோது பெற்றோர் சிலர் எதிர்த்தனர். பிள்ளைகள் சிலர் பள்ளியை விட்டு அழைத்துச் செல்லப்பட்டனர். ஆயினும் அவர் விதியைத் தளர்த்தவில்லை.

தஞ்சாவூர்ச் சபையில் இதற்கு மாறான வழக்கம் இருந்தது. முந்தைய லுத்தரன் போதகர்கள் சாதி வழக்கங்களை ஓரளவு பொறுத்துக்கொண்டனர். தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் புதிய போதகர்களின் மாற்றங்களை எதிர்த்து எழுதினார். கொல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833 இல் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதிய சுற்றுமடலில் சாதி வேறுபாட்டை முற்றிலும் கைவிடுமாறு ஆணையிட்டார். சாதி பற்றிய இந்தக் கேள்வியில் லுத்தரன் போதகரான இரேனியசும் ஆங்கிலிக்கன் பேராயரும் ஒரே பக்கம் நின்றனர். அவர்களைப் பிரித்தது வேறொன்று.

தமிழ்ப் பணி

இரேனியஸ் திருப்பாற்கடல் நாதன் கவிராயர் என்ற புலவரிடம் பல ஆண்டுகள் தமிழ் பயின்றார். புலவர் நடைக்கும் கொச்சை வழக்குக்கும் இடைப்பட்ட, கற்றோரும் கல்லாதோரும் புரிந்துகொள்ளத்தக்க ஓர் உரைநடை வேண்டும் என்பது இவரது கருத்தாகும்.

இந்நோக்குடன் பெப்ரீசியசின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்தத் தொடங்கினார். சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், மூலத்தின் பொருள் தமிழ் மரபில் தெளிவாக வரவேண்டும் என்று வலியுறுத்தி, மொழிபெயர்ப்புக் கொள்கை பற்றி 1827 இல் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை நூலும் வெளியிட்டார். இவரது புதிய ஏற்பாடு 1833 இல் முழுமையாக வெளிவந்தது. பழைய மொழிபெயர்ப்பைப் போற்றிவந்தோர் இதனை எதிர்த்தனர்.

1832 இல் வெளிவந்த பூமி சாஸ்திரம் தமிழில் எழுதப்பட்ட தொடக்ககாலப் புவியியல் பாடநூலாகும். பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட இந்நூல் தமிழில் அறிவியல் உரைநடையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. ஐரோப்பியர் தமிழ் கற்பதற்காக இவர் ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கணம் 1830களில் சென்னையில் அச்சாயிற்று. இவர் இறந்த பின்னும் மறுபதிப்புகள் கண்டது.

குருப்பட்டச் சிக்கல்

பின்னணி

உபதேசியார் செபம் நடத்தலாம், பிரசங்கம் செய்யலாம். ஆனால் ஞானஸ்நானம் கொடுத்தல், திருவிருந்து பரிமாறுதல் ஆகியவை குருப்பட்டம் பெற்றவருக்கே உரியவை. ஊர்கள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது இச்சடங்குகளுக்காக மக்கள் ஐரோப்பிய போதகரின் வருகையை எதிர்பார்த்துக் காத்திருக்க நேர்ந்தது. தேர்ந்த உபதேசியார் சிலருக்குக் குருப்பட்டம் அளித்தால் சபைகள் தம் காலில் நிற்கும் என்று இரேனியஸ் கருதினார்.

இதற்கு முன்னுதாரணம் இருந்தது. தரங்கம்பாடியில் 1733 இல் ஆரோன் என்ற தமிழருக்கு லுத்தரன் போதகர்களே பட்டம் அளித்தனர். தஞ்சாவூரில் சத்தியநாதனுக்கும் அவ்வாறே அளிக்கப்பட்டது. இந்தியாவில் பேராயர் எவரும் இல்லாத அக்காலத்தில், ஆங்கிலேயச் சங்கம் இதனை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது.

1814 க்குப் பின் நிலைமை மாறிற்று. முதல் பேராயர் மிடில்டன் மிஷனரிகளுக்கு உரிமம் வழங்கத் தமக்கு அதிகாரம் உண்டா என்று தயங்கினார். அவருக்குப் பின் வந்த ரெஜினால்டு ஹீபர் அத்தயக்கத்தைக் களைந்தார். இலங்கையில் பணியாற்றிய தமிழரான கிறிஸ்தியான் தாவீதுக்கு 1824 இல் அவர் குருப்பட்டம் அளித்தார். 1830 இல் பேராயர் டர்னர் சென்னையில் யோவான் தேவசகாயத்துக்கு உதவிக்குருப் பட்டம் அளித்தார். பேராயர் ஒருவர் இந்நாட்டிலேயே இருக்கும்போது, ஆங்கிலிக்கன் சங்கம் ஒன்றின் ஊழியர்கள் அவரைத் தவிர்த்துப் பட்டம் வழங்குவது முறையன்று என்ற கருத்து சங்கத்தில் வலுத்தது.

இரு தரப்பு வாதங்கள்

1830களின் தொடக்கத்தில் உபதேசியார்களின் குருப்பட்டம் பற்றி இரேனியசுக்கும், சென்னையில் இருந்த சங்கக் குழுவுக்கும், இலண்டன் தலைமையிடத்துக்கும் இடையே கடிதங்கள் தொடர்ந்து சென்றுவந்தன.

சங்கத்தின் நிலை இதுவாகும்: சங்கம் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தது. அதன் பணத்தால் உருவான சபைகள் அத்திருச்சபையின் ஒழுங்கிலேயே வளர வேண்டும். தனித்தனிப் போதகர் தம் விருப்பப்படி பட்டம் கொடுத்தால், அவர் மறைந்தபின் அச்சபைகளின் நிலை என்னவாகும் என்பதற்கு உறுதியில்லை. எனவே பட்டம் பெறுவோர் பேராயரிடமே பெறவேண்டும். திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் பொதுவழிபாட்டு நூலையும் ஏற்றுக் கையொப்பமிட வேண்டும்.

இரேனியசின் நிலை இதற்கு மாறானது: தாம் லுத்தரன் போதகர் என்பதை அறிந்தே சங்கம் தம்மை அனுப்பியது. தமது பட்டம் செல்லுமெனில், அதே முறையில் தமிழருக்கு அளிக்கும் பட்டமும் செல்ல வேண்டும். குருவுக்கும் பேராயருக்கும் அடிப்படை வேறுபாடு இருப்பதாகப் புதிய ஏற்பாடு கூறவில்லை. பொதுவழிபாட்டு நூலின் சில பகுதிகள் வேதத்துக்கு இசைந்தவையல்ல என்று தாமே எண்ணும்போது, அவற்றை ஏற்குமாறு தம் மாணவர்களை வற்புறுத்துவது மனச்சான்றுக்கு ஒவ்வாது.

இரண்டு வாதங்களிலும் நியாயம் இருந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் சுட்டுவர். சங்கம் தன் தொடக்ககாலத் தேவைக்காக ஏற்றுக்கொண்ட ஓர் ஏற்பாட்டின் விளைவைப் பின்னர் மறுத்தது. இரேனியசோ ஒரு சங்கத்தின் ஊதியத்தில் இருந்துகொண்டு அச்சங்கத்தின் திருச்சபை ஒழுங்கை ஏற்க மறுத்தார். யாருடைய பட்டம் பற்றி இக்கடிதங்கள் பேசினவோ அந்த உபதேசியார்களின் கருத்தைக் கேட்டறிய இக்கடிதப் போக்குவரத்தில் இடமில்லாமற் போயிற்று.

பணிநீக்கம்

சென்னையில் அரசாங்கக் குருவாக இருந்த ஹார்ப்பர் என்பவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் அமைப்பைப் புகழ்ந்து நூலொன்று எழுதினார். இரேனியஸ் 1834 இல் அதற்கு ஒரு மதிப்புரை எழுதி அச்சிட்டார். அதில் பேராயர் அமைப்பு, வழிபாட்டு நூல், அரசுக்கும் திருச்சபைக்கும் உள்ள தொடர்பு ஆகியவற்றை வெளிப்படையாகக் கண்டித்தார். அதுவரை கடிதங்களுக்குள் அடங்கியிருந்த கருத்து வேறுபாடு பொதுவெளிக்கு வந்தது. தன் ஊழியர் ஒருவரே தன் திருச்சபையை அச்சில் தாக்குவதைச் சங்கம் பொறுக்கவில்லை. 1835 இல் இரேனியசுடனான உறவை அது முறித்துக்கொண்டது.

1835 ஜூன் மாதத்தில் இரேனியஸ் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்த பாளையங்கோட்டையை விட்டு வெளியேறினார். உடன் ஊழியர்களான சாப்டர், முல்லர், லெக்லர் ஆகியோரும் அவருடன் நின்றனர். ஆர்க்காட்டுப் பகுதியில் புதிதாகப் பணி தொடங்குவது அவர்களது எண்ணமாக இருந்தது. சங்கத்தின் சார்பில் ஜார்ஜ் பெட்டிட் பாளையங்கோட்டைப் பொறுப்பை ஏற்றார்.

பிளவுபட்ட சபை

இரேனியஸ் சென்றபின் உபதேசியார்களும் சபையாரும் அவரைத் திரும்பி வருமாறு வேண்டிக் கடிதங்கள் எழுதினர். அவ்வழைப்பை ஏற்று அவர் 1835 அக்டோபரில் தோழர்களுடன் பாளையங்கோட்டைக்குத் திரும்பினார். சங்கத்துடன் தொடர்பில்லாத தனி மிஷன் ஒன்று அமைந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் போன்ற நண்பர்கள் அதற்குப் பொருளுதவி திரட்டினர். குரோவ்சுடன் பணியாற்றிய யோவான் அருளப்பன் இரேனியசின் மாணவராவார். பின்னாளில் இவர் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார்.

இதே அக்டோபரில்தான் புதிதாக அமைந்த சென்னை மறைமாவட்டத்தின் முதல் பேராயராகத் தானியேல் கோரி சென்னை வந்து சேர்ந்தார். தொலைவில் கொல்கத்தாவில் இருந்த பேராயருக்கு மாற்றாக அண்மையில் ஒருவர் கிடைத்தபோது பிளவு ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டிருந்தது.

அடுத்த மூன்று ஆண்டுகள் திருநெல்வேலிச் சபைக்குத் துன்பமான காலமாகும். ஊர்கள் இரண்டுபட்டன. சில ஊர்களில் சபை முழுவதும் இரேனியசைப் பின்பற்றியது. சில ஊர்கள் சங்கத்துடன் நின்றன. வேறு சில ஊர்களில் ஒரே தெருவில் இரு சபைகள் கூடின. செபவீடு, பள்ளி, நிலம் ஆகியவை யாருக்கு உரியவை என்ற கேள்வி எழுந்தது. பல ஆண்டுகள் ஒன்றாகப் பயின்ற உபதேசியார்கள் எதிரெதிர் அணிகளில் நின்றனர். இரு தரப்பும் தத்தம் விளக்கங்களை அச்சிட்டு வெளியிட்டன. குருப்பட்டக் கோட்பாட்டை அறியாத பனையேறிக் குடும்பங்களுக்கு, தம் ஐயர் ஏன் மாற்றப்பட்டார் என்பதே கேள்வியாக இருந்தது.

இதற்கிடையே 1836 இல் பேராயர் கோரி, யோவான் தேவசகாயத்துக்கு முழுக்குருப் பட்டம் வழங்கினார். தமிழருக்குக் குருப்பட்டம் வேண்டும் என்ற இரேனியசின் நோக்கம் இவ்வாறு எதிர்த்தரப்பின் வழியாக நிறைவேறத் தொடங்கியது. கோரி 1837 பெப்ரவரியில் காலமானார்.

இறப்பும் மறு இணைப்பும்

இரேனியஸ் 1838 ஜூன் 5 அன்று பாளையங்கோட்டையில் தமது 47 ஆவது வயதில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். இந்தியாவுக்கு வந்த 24 ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூடத் தாய்நாடு செல்லவில்லை.

அவருடைய மறைவுக்குப் பின் பிளவு நீடிக்கவில்லை. தோழர்கள் சங்கத்துடன் சமாதானம் செய்துகொண்டனர். பிரிந்த சபைகள் மீண்டும் இணைந்தன. லெக்லர் பின்னர் இலண்டன் மிஷனில் சேர்ந்து சேலத்தில் பணியாற்றினார். இரேனியசின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தொகுத்து அவருடைய மகன் 1841 இல் வாழ்க்கை வரலாறாக வெளியிட்டார். எதிர்த்தரப்பில் நின்ற பெட்டிட் 1851 இல் திருநெல்வேலி மிஷன் பற்றி ஒரு நூல் எழுதினார். இவ்விரு நூல்களும் இவ்வரலாற்றை இரு கோணங்களில் அறிய உதவுகின்றன.

பின்விளைவுகள்

இரேனியஸ் வகுத்த உபதேசியார் முறையும் ஊர்ச்சபை முறையும் அவருக்குப் பின்னும் தொடர்ந்தன. 1877 இல் கால்டுவெல்லும் சார்ஜெண்டும் திருநெல்வேலிப் பகுதிக்கு உதவிப் பேராயர்களாயினர். 1896 இல் திருநெல்வேலி தனி மறைமாவட்டமாயிற்று. அப்பகுதியின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா 1912 இல் தோர்ணக்கல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

இரேனியஸ் எழுப்பிய கேள்வி நூறாண்டுகளுக்குப் பின் மீண்டும் வந்தது. தென்னிந்தியாவின் பல்வேறு திருச்சபைகளை இணைக்கும் பேச்சு 1919 இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. பேராயரிடம் பட்டம் பெற்றோரும், பேராயர் இல்லாத சபைகளில் பட்டம் பெற்றோரும் ஒரே திருச்சபையில் எவ்வாறு பணியாற்றுவது என்பதே அப்பேச்சின் கடினமான பகுதியாக அமைந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டபோது ஒரு தீர்வு காணப்பட்டது. அதன்படி, இணையும் சபைகளில் ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்த குருமார் அனைவரும் மறுபட்டம் இன்றி ஏற்கப்பட்டனர். இனி வரும் பட்டங்களைப் பேராயர்களே வழங்குவர் என்று முடிவாயிற்று. முதற்பகுதி இரேனியசின் கோரிக்கையையும், இரண்டாம் பகுதி சங்கத்தின் கோரிக்கையையும் நிறைவு செய்வதாக உள்ளது.

இரேனியசின் சொந்த மரபான லுத்தரன் சபையும் இதே திசையில் சென்றது. 1919 இல் உருவான தமிழ் இவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபை, 1921 முதல் தரங்கம்பாடிப் பேராயரைத் தலைவராகக் கொண்டு இயங்கி வருகின்றது.

மதிப்பீடு

இரேனியஸ் சிறந்த அமைப்பாளர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சில ஐரோப்பியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஊர்களை நடத்த இயலாது என்பதையும், தமிழரே தம் சபைகளை நடத்த வேண்டும் என்பதையும் அவர் காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தார். ஆனால் தமிழ்க் குருமார் வேண்டும் என்ற அந்த நோக்கத்தைச் சங்கமும் மறுக்கவில்லை. பட்டம் வழங்கும் கை யாருடையது என்பதில் இரு தரப்பும் விட்டுக்கொடுக்காததால், உபதேசியார்கள் குருமார் ஆவது தாமதமாயிற்று. இரேனியசிடம் பயின்று தகுதி பெற்றிருந்தோருள் பலர் உபதேசியார்களாகவே வாழ்ந்து முடிந்தனர்.

தமிழியல் நோக்கில், இவருடைய விவிலிய மொழிபெயர்ப்பு பின்வந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு படிக்கட்டாக அமைந்தது. பீட்டர் பெர்சிவல் ஆறுமுக நாவலரின் உதவியுடன் யாழ்ப்பாணத்தில் செய்த மொழிபெயர்ப்பும், போவர் தலைமையில் 1871 இல் வெளிவந்த ஒருங்கிணைந்த மொழிபெயர்ப்பும் இவ்வரிசையில் அடுத்தடுத்து வந்தவை.

முக்கிய நூல்கள்

பூமி சாஸ்திரம் (1832)
புதிய ஏற்பாடு - தமிழ் மொழிபெயர்ப்பு (1833)
வேத உதாரணத் திரட்டு
தமிழ் இலக்கணம் (ஆங்கிலத்தில்)
திருமறை மொழிபெயர்ப்புக் கொள்கைகள் பற்றிய கட்டுரை (ஆங்கிலத்தில், 1827)